கதை முடியும்போது வாள் எங்கே?

மாயப் படைக்கலங்களைப் பற்றிய கதைகள் இல்லாத மொழி இல்லை. நெருப்பின் தேவன் கொடுத்த வில், ஏரியிலிருந்து நீண்ட கை நீட்டிய வாள், மந்திரம் ஓதியதும் உலகை எரிக்கும் அம்பு, விரலில் அணிந்ததும் உருவை மறைக்கும் மோதிரம் என்று அவற்றின் பட்டியல் நீளும். இக்கதைகளைச் சொல்பவர்கள் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள். படைக்கலம் வீரன் கைக்கு வரும் காட்சியை அவர்கள் விரிவாகச் சொல்வார்கள். அது யாரால் செய்யப்பட்டது, எத்தகைய தவத்தால் கிடைத்தது, எவரெவரைக் கொன்றது என்று அடுக்குவார்கள். கேட்கும் நாமும் வாய் பிளந்து கேட்போம். குழந்தைகளாக இருந்தபோது கேட்டதைப் போலவே பெரியவர்களான பின்னும் கேட்கிறோம்.

ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. கதை முடியும்போது அந்த வாள் எங்கே போயிற்று? யாரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது? கொடுக்க மனம் வந்ததா?

ஒரு படைக்கலக் கதை உயர்ந்ததா, வெறும் வாண வேடிக்கையா என்பதை அறிய இக்கேள்வியைவிடச் சிறந்த உரைகல் இல்லை என்பது நம் கருத்து. படைக்கலத்தைப் பெறும் கதையை எவரும் எழுதிவிடலாம். அது ஆசையின் கதை. அதைத் துறக்கும் கதையை எழுதுவதற்கு மனித உள்ளத்தை அறிந்த ஒருவர் வேண்டும். இந்த உரைகல்லில் மூன்று பெருங்கதைகளை உரசிப் பார்த்து, பின்னர் நம் திருநூலுக்கும் நம் காலத்துக்கும் வருவோம்.

வாளும் உறையும்

இங்கிலாந்தின் ஆர்தர் மன்னனைப் பற்றிய கதைகளைத் தொகுத்து எழுதியவர் தாமஸ் மாலரி. அந்நூலை 1485-இல் காக்ஸ்டன் அச்சிட்டார். ஏரித் தலைவி கொடுத்த எக்ஸ்காலிபர் என்னும் வாளை ஆர்தர் பெற்றுக்கொண்டு திரும்பும் வழியில், அறிஞன் மெர்லின் ஒரு கேள்வி கேட்கிறான்: வாள் பிடித்திருக்கிறதா, உறை பிடித்திருக்கிறதா? இளம் மன்னன் தயங்காமல் வாள்தான் என்கிறான். மெர்லின் அவனை அறிவற்றவன் என்கிறான். அந்த உறை பத்து வாள்களுக்குச் சமம். அதை அணிந்திருப்பவன் எவ்வளவு காயப்பட்டாலும் அவன் உடலிலிருந்து குருதி சிந்தாது.

கதையின் போக்கில் ஆர்தர் இழப்பது உறையைத்தான். அவனுடைய உடன்பிறப்பான மார்கன் அதைத் திருடி ஏரியில் எறிந்துவிடுகிறாள். வாள் மட்டும் மன்னனிடம் மிஞ்சுகிறது. காக்கும் பொருள் போய், கொல்லும் பொருள் நிலைக்கிறது. இறுதிப் போரில் சாகும் அளவுக்குக் காயமுற்ற ஆர்தர், வாளை நீரில் எறிந்துவிட்டு வரும்படி பெடிவியர் என்னும் வீரனை அனுப்புகிறான். பெடிவியர் நல்லவன், தன் தலைவன்மீது அன்புள்ளவன். ஆயினும் பொன்னும் மணியும் பதித்த கைப்பிடியைக் கண்டதும் அவன் மனம் ஒப்பவில்லை. வாளை மரத்தடியில் ஒளித்துவிட்டு, எறிந்துவிட்டேன் என்று பொய் சொல்கிறான். மீண்டும் அனுப்பப்பட்டு, மீண்டும் பொய் சொல்கிறான். மூன்றாம் முறைதான் எறிகிறான். நீரிலிருந்து எழுந்த கை அதைப் பிடித்து மூன்று முறை வீசி, மறைந்துவிடுகிறது.

மாலரியின் நூலில் வாள்வீச்சு பக்கத்துக்குப் பக்கம் உண்டு. ஆனால் நூலை மூடிய பின் நம் நினைவில் நிற்பது, ஏரிக்கரையில் ஒரு நல்ல மனிதன் சொன்ன இரண்டு பொய்கள். பகைவனை எதிர்த்து நிற்கத் தெரிந்த கைக்கு, பிடித்ததை விடத் தெரியவில்லை.

திரும்ப அழைக்கத் தெரியாதவன்

மகாபாரதம் இக்கேள்வியை இன்னும் கடுமையாகக் கேட்கிறது. போர் முடிந்த இரவில், உறங்கிக்கொண்டிருந்த பாண்டவர் பாசறையில் புகுந்து திரௌபதியின் மைந்தர்களைக் கொன்ற அசுவத்தாமன், வீமன் துரத்தி வந்ததும் ஒரு புல்லை எடுத்து மந்திரம் ஓதி, பிரம்மசிரம் என்னும் அஸ்திரமாக ஏவுகிறான். அதைத் தணிக்க அருச்சுனனும் அதையே ஏவுகிறான். இரண்டு நெருப்புகளும் மோதினால் உலகம் அழியும். வியாசரும் நாரதரும் நடுவில் வந்து நின்று, இருவரையும் தத்தம் அஸ்திரங்களைத் திரும்ப அழைக்கச் சொல்கிறார்கள்.

அருச்சுனன் அழைத்துக்கொள்கிறான். அசுவத்தாமனால் முடியவில்லை. ஏவுவதற்கு மந்திரம் தெரிந்தால் போதும். திரும்ப அழைப்பதற்கோ புலனடக்கமும் தூய வாழ்வும் வேண்டும் என்று காவியம் காரணம் சொல்கிறது. திரும்ப அழைக்க இயலாத அந்த நெருப்பை அவன் பாண்டவர் குலப் பெண்களின் கருவறைகள்மீது திருப்பிவிடுகிறான். உத்தரையின் வயிற்றுக் குழந்தை இறந்து பிறக்கிறது. கண்ணன் அதற்கு உயிர் தருகிறான். போர்க்களத்துக்கு வராத, இன்னும் பிறக்காத உயிரின்மேல் அந்தப் படைக்கலம் விழுந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இதற்கு முன்கதை ஒன்றும் உண்டு. துரோணர் அந்த அஸ்திரத்தை விருப்பமின்றித்தான் மகனுக்குக் கற்பித்தார். எத்தகைய ஆபத்திலும் மனிதர்மீது ஏவக்கூடாது என்று எச்சரித்தே கொடுத்தார். அதனோடும் நிறைவடையாத மகன் துவாரகைக்குச் சென்று கண்ணனின் சக்கரத்தைக் கேட்டான். எடுத்துக்கொள் என்றான் கண்ணன். இடக்கையாலும் வலக்கையாலும் முயன்றும் அவனால் அதை அசைக்கக்கூட முடியவில்லை. இதை வைத்து என்ன செய்ய நினைத்தாய் என்று கண்ணன் கேட்டபோது, உன்னோடுதான் போரிட நினைத்தேன் என்று உண்மையைச் சொன்னான். வல்லமையைக் கேட்டுப் பெறுபவன் அதைக் கொடுத்தவன்மேலேயே திருப்ப எண்ணுவான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அருச்சுனனின் கதையும் அங்கே முடியவில்லை. கண்ணன் மறைந்த பின், துவாரகைப் பெண்களை அழைத்துக்கொண்டு வரும் வழியில் கள்வர்கள் தாக்குகிறார்கள். உலகை வென்ற வீரனுக்குக் காண்டீபத்தை நாணேற்றுவதே பெரும்பாடாகிறது. அஸ்திரங்களின் மந்திரங்கள் நினைவுக்கு வரவில்லை. கடைசியில், அரசைத் துறந்து இமயம் நோக்கி நடக்கும் பாண்டவர்களை அக்கினி தேவன் வழிமறிக்கிறான். காண்டவ வனத்தை எரிப்பதற்காக வருணனிடமிருந்து வாங்கிக் கொடுத்த வில் அது. வருணனிடமே திரும்பட்டும் என்கிறான். அருச்சுனன் வில்லையும் அம்பறாத் தூணிகளையும் நீரில் எறிகிறான். அது வெற்றிப் பரிசு அன்று, கடனாகப் பெற்ற பொருள் என்பதைக் காவியம் தன் இறுதியில்தான் நமக்கு நினைவூட்டுகிறது.

தமிழில் பாரதம் படித்தவர்கள் பலருக்கு இந்தக் காட்சி தெரியாது. வில்லிபுத்தூரார் பாடிய பாரதம் 10 பருவங்களோடு, போரின் முடிவையொட்டி நிறைவு பெறுகிறது. காண்டீபம் நீருக்குத் திரும்பும் பகுதி அதற்குப் பின் வருவது. காண்டீபத்தின் வெற்றியைப் பாடக் கேட்ட நாம் அதன் விடைபெறுதலைக் கேட்காமலே போனோம்.

நீரில் எறிந்தால் எல்லாம் தீர்ந்தது என்றும் காவியம் சொல்வதில்லை. யாதவ குலத்தை அழிக்கும் என்று சாபம் பெற்ற இரும்பு உலக்கையை அரசன் பொடியாக்கிக் கடலில் கொட்டச் செய்தான். ஆனால் உள்ளத்தில் பகையும் கையில் கள்ளும் இருந்த அந்த மக்கள் கடற்கரையில் பறித்த கோரைப்புல்லே உலக்கையாக மாறி, ஒருவரையொருவர் அடித்துக் கொன்றார்கள். கடலில் கொட்டிய அந்தப் பொடிதான் கோரையாக முளைத்தது என்று பிற்காலப் புராணங்கள் விளக்கம் தரும். உள்ளம் மாறாதவனுக்குப் புல்லும் ஆயுதமே.

எவரும் அணியக்கூடாத மோதிரம்

இருபதாம் நூற்றாண்டில் இத்தகைய கதையை மீண்டும் பெரிய அளவில் எழுதியவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். அவருடைய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அவர் கத்தோலிக்கர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவருடைய தாய் 1900-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதனால் உறவினரின் ஆதரவை இழந்து வறுமையில் வாழ்ந்து, 1904-இல் இறந்தார். அநாதைகளான இரு சிறுவர்களையும் பர்மிங்காம் ஆரட்டரியைச் சேர்ந்த பிரான்சிஸ் மார்கன் என்னும் குரு வளர்த்தார். 1916-இல் சோம் போர்க்களத்தில் டோல்கீன் பணியாற்றினார். அப்பெரும்போர் முடிவதற்குள் அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர அனைவரும் மாண்டிருந்தனர். போரைத் தொலைவிலிருந்து கற்பனை செய்தவர் அல்லர் அவர்.

அவருடைய கதையின் நடுவில் இருப்பது வாளன்று, மோதிரம். சௌரோன் என்னும் கொடியவன் பிறரையெல்லாம் அடிமைப்படுத்துவதற்காகத் தன் ஆற்றலை வார்த்துச் செய்தது. அது தற்செயலாகப் பில்போ என்னும் சின்னஞ்சிறு மனிதனிடம் சேர்ந்து, அவன் வாரிசான ஃபுரோடோவிடம் வருகிறது. மற்றக் கதைகளில் வீரர்கள் படைக்கலத்தைத் தேடிப் புறப்படுவார்கள். இங்கே கையில் இருப்பதை அழிப்பதற்காகப் புறப்படுகிறார்கள். கதையின் திசையையே டோல்கீன் திருப்பிவிட்டார். அவருடைய பெருமை இதில்தான் இருக்கிறது.

மோதிரத்தை நன்மைக்காகப் பயன்படுத்தலாமே என்ற கேள்வி கதை முழுவதும் எழுகிறது. கேட்பவர்கள் தீயவர்கள் அல்லர். போரோமிர் தன் நகரத்தைக் காக்க விரும்பும் வீரன். பகைவனின் ஆயுதத்தாலேயே பகைவனை வெல்வோம் என்கிறான். அவன் சொல்வதில் தருக்கப் பிழை எதுவும் இல்லை; அந்தத் தருக்கமே அவனை ஃபுரோடோவின்மேல் பாயச் செய்கிறது. ஞானியான கண்டால்ஃப் மோதிரத்தைத் தொட மறுக்கிறார். இரக்கத்தினால் நன்மை செய்ய வேண்டும் என்ற விருப்பமே தமக்குக் கண்ணியாகும் என்று அவர் அஞ்சுகிறார். போரோமிரின் தம்பி ஃபாரமிர், அது வழியில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்கிறான். வாளை அதன் கூர்மைக்காக விரும்பாமல், அது காப்பவற்றையே விரும்புகிறான். உறையின் மதிப்பை அறிந்தவன் என்று அவனைச் சொல்லலாம்.

பயணம் முன்னேற முன்னேற ஃபுரோடோ ஒவ்வோர் ஆயுதமாக விடுகிறான். பகைவர் நெருங்கும்போது ஒளிரும் தன் சிறு வாளைத் தோழன் சாமுக்குக் கொடுத்துவிடுகிறான். பின்னர், நல்லதோ தீயதோ எந்த ஆயுதத்தையும் ஏந்துவதில்லை என்று முடிவு செய்கிறான். வெற்றி விழாவிலும் அவனுக்கு வாள் அணிய மனமில்லை. இத்தனை துறந்தவனும், எரிமலையின் விளிம்பில் நின்றபோது மோதிரத்தை மட்டும் துறக்க முடியாமல், இது என்னுடையது என்று அணிந்துகொள்கிறான். கதாநாயகன் தோற்கிறான். நெடுநாள் அம்மோதிரத்தை வைத்திருந்து சீரழிந்த கோல்லும் என்னும் இழிந்த உயிர், அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்து, மகிழ்ச்சியில் கூத்தாடிக் கால் தவறி நெருப்பில் விழுகிறது. மோதிரம் அழிகிறது.

இது தற்செயல், ஆசிரியரின் தந்திரம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. அவர்கள் கதையை முதலிலிருந்து படிக்கவில்லை என்றே சொல்வோம். பல ஆண்டுகளுக்கு முன் இருண்ட குகை வாயிலில் கோல்லும் வழிமறித்து அமர்ந்திருந்தபோது, கையில் வாளோடும் விரலில் மோதிரத்தோடும் நின்ற பில்போ அவனைக் கொன்றிருக்கலாம். இரக்கம் அவன் கையைத் தடுத்தது. அன்று வீசப்படாத அந்த வாள்தான் கடைசியில் உலகைக் காத்தது. இந்த இரக்கக் காட்சி 1937-இல் வந்த 'தி ஹாபிட்' நூலின் முதற்பதிப்பில் இல்லை. பெரிய கதையை எழுதும்போது அதன் தேவையை உணர்ந்த டோல்கீன், 1951-ஆம் ஆண்டுப் பதிப்புக்காக அந்த இயலைத் திருத்தி எழுதினார். தம் கதை எதன்மேல் நிற்கிறது என்பதை அவர் நன்கறிந்திருந்தார். மனித உறுதி எல்லையை எட்டி முறியும் இடத்தில், முன்பு செய்த இரக்கத்தின் வழியாக அருள் வந்து நிறைவு செய்கிறது. மோதிரம் அழிந்த நாளாக அவர் குறித்தது மார்ச் 25. திருச்சபை ஆண்டவரின் பிறப்பு அறிவிப்பைக் கொண்டாடும் நாள்.

2003-இல் வெளிவந்த திரைப்படத்தில் இக்காட்சி மாறியிருக்கிறது. அங்கே விரலை இழந்த ஃபுரோடோ மீண்டும் கோல்லுமோடு கட்டிப் புரண்டு சண்டையிட, அந்தச் சண்டையில்தான் அவன் விழுகிறான். ஒரு சிறு மாற்றமே. ஆயினும் இரக்கத்தின் பயனாக வந்த முடிவு கைச்சண்டையின் முடிவாகச் சுருங்கிவிட்டது.

டோல்கீனின் குறை

புகழ்ந்துவிட்டு நிறுத்துவது திறனாய்வாகாது. நம் உரைகல் டோல்கீன்மீதும் உரசத்தான் வேண்டும்.

மோதிரத்தைத் துறக்கச் சொன்ன அதே நூலில் வாள்கள் போற்றப்படுகின்றன. அரகோர்னின் உடைந்த வாள் மீண்டும் இணைக்கப்பட்டு, பெயர் சூட்டப்பட்டு, அரசுரிமையின் அடையாளமாகிறது. எக்ஸ்காலிபரைப் போல அது நீருக்குத் திரும்புவதில்லை. ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போரில் லெகோலாஸ், கிம்லி என்னும் இரு நண்பர்களும் யார் அதிகம் கொன்றது என்று எண்ணிக்கைப் பந்தயம் கட்டுகிறார்கள். ஒருவருக்கு 41, மற்றவருக்கு 42. கொல்லப்படுபவர்கள் ஓர்க்குகள் என்னும் கொடிய இனம் என்பதால் வாசகனின் மனம் உறுத்துவதில்லை. அங்கேதான் நமக்கு உறுத்துகிறது. கோல்லுமுக்குக் கிடைத்த இரக்கத்தில் ஒரு துளியும் அந்த 83 பேருக்குக் கிடைக்கவில்லை. எண்ணிக்கையாகச் சொல்வதற்கு வசதியாக முகமில்லாத ஒரு பகைவர் கூட்டத்தைப் படைத்துக்கொள்வது, கதையில் மட்டும் நிகழும் காரியமன்று.

நேரிய போர் என்று ஒன்று இருக்க முடியும் என்பதைத் திருச்சபையின் மரபு மறுக்கவில்லை. டோல்கீனும் அம்மரபில் நின்றே எழுதினார். அதை நாம் குறையாகச் சொல்லவில்லை. தற்காப்புக்காக வருந்தி வாளெடுப்பது வேறு, எண்ணிக்கையில் களிப்பது வேறு. ஃபுரோடோ இந்த வேறுபாட்டை அறிந்திருந்தான். அவனைப் படைத்தவர் சில பக்கங்களில் அதை மறந்துவிட்டார்.

அவருக்குப் பின் வந்த கதைகளில், நம் வீட்டுப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் ஹாரி பாட்டர் வரிசையின் கடைசி நூலை (2007) இங்கே சொல்லியாக வேண்டும். வெல்ல முடியாத மந்திரக்கோல் கையில் கிடைத்தபோது, ஹாரி அதைக் கொண்டு தன் பழைய உடைந்த கோலை மட்டும் சரிசெய்துகொண்டு, அதை இறந்தவரின் கல்லறைக்கே திருப்பிவிட முடிவு செய்கிறான். அந்தப் பக்கத்துக்காக அந்த நூல்களின் பல குறைகளை நாம் பொறுத்துக்கொள்ளலாம்.

திருநூலில் படைக்கலம்

விவிலியத்தில் போர்கள் உண்டு, வாள்களும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மாய வல்லமை கொண்ட படைக்கலம் ஒன்றை இஸ்ரயேல் தேடிய போதெல்லாம் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

பெலிஸ்தியரிடம் தோற்ற இஸ்ரயேலின் பெரியோர், சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பேழையைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தார்கள். பேழை வந்ததும் பாளையம் அதிர ஆர்ப்பரித்தார்கள். அன்றைய போரில் முன்னிலும் பெரிய தோல்வி. பேழையே பகைவர் கையில் சிக்கியது (1 சாமு 4). கடவுள் தம்மை எவர் கையிலும் ஆயுதமாக ஒப்படைப்பதில்லை. மோசே செய்த வெண்கலப் பாம்பு ஒரு காலத்தில் மக்களின் உயிர் காத்தது. அதற்கே அவர்கள் தூபம் காட்டத் தொடங்கியபோது, எசேக்கியா மன்னர் அதை உடைத்துப்போட்டார் (2 அர 18:4). நன்மை செய்த பொருளாயினும் அதை விடவேண்டிய காலம் வரும் என்பதை அறிந்த மன்னர் அவர்.

தாவீதின் கதை இன்னும் துயரமானது. சவுலின் கவசத்தையும் வாளையும் களைந்துவிட்டுக் கவணும் கல்லுமாகச் சென்ற இளைஞர், பின்னொரு நாள் தப்பி ஓடும் நிலையில் நோபு நகர்க் குரு அகிமெலக்கிடம் ஆயுதம் கேட்கிறார். அங்கே இருந்தது, துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்த கோலியாத்தின் வாள். இறைவனின் இல்லத்துக்கு வந்து அடங்கியிருந்த வாள் அது. அதற்கு நிகரானது இல்லை என்று தாவீது மகிழ்ந்து பெற்றுக்கொண்டார். அக்காட்சியைக் கண்ட தோயேகு அதைச் சவுலிடம் சொன்னான். அவன் கையாலேயே நோபின் 85 குருக்கள் கொல்லப்பட்டார்கள். நகரத்தின் பெண்களும் குழந்தைகளும் தப்பவில்லை (1 சாமு 22). இந்தச் சாவுகளுக்குத் தாமே காரணம் என்று தாவீது பின்னர் ஒப்புக்கொண்டார். நோபு நகரத்தை மறந்துவிட்டு அந்த வாளை மட்டும் நினைவில் வைத்தால், நாம் திருநூலைப் படித்தவர்கள் ஆகமாட்டோம்.

மக்கபேயர் இரண்டாம் நூலில், இறைவாக்கினர் எரேமியா யூதா மக்கபேயிடம் ஒரு பொன் வாளைக் கொடுக்கிறார் (2 மக் 15). விவிலியத்தில் மாயப் படைக்கலத்துக்கு மிக நெருங்கி வரும் காட்சி இதுவே எனலாம். ஆனால் அது கனவு. யூதா தம் வீரர்களிடம் கொண்டு சென்றது அக்கனவின் செய்தியை மட்டுமே. கேடயத்தாலும் ஈட்டியாலும் அன்றி நல்ல சொற்களாலேயே அவர்களைத் திடப்படுத்தினார் என்று நூல் தெளிவாகக் கூறுகிறது. திருத்தூதர் பவுலும் எபேசியருக்கு எழுதியபோது, இடைக்கச்சை, மார்புக் கவசம், மிதியடி, கேடயம், தலைச்சீரா என்று காக்கும் பொருள்களையே அடுக்குகிறார். அவற்றினிடையே வாள் ஒன்றுதான், அதுவும் இறைவார்த்தை.

நாம் வைத்த பெயர்கள்

இத்தகைய திருநூலைக் கையில் வைத்திருந்தும் நம் முன்னோர் செய்ததென்ன? 'ரோலண்டின் பாடல்' என்னும் பழைய பிரெஞ்சுக் காவியத்தில், துரந்தால் என்ற வாளின் கைப்பிடிக்குள் புனிதர்களின் திருப்பண்டங்கள் இருக்கின்றன: புனித பேதுருவின் பல், புனித பசிலியாரின் குருதி, புனித டெனிசின் முடி, அன்னை மரியாவின் ஆடைத் துண்டு. சாகும் தறுவாயில் ரோலண்ட் அந்த வாளைப் பாறையில் அடித்து உடைக்க முயல்கிறான், அது உடையவில்லை. கடைசியில் அதன்மேல் படுத்து உயிர் விடுகிறான். பிறர் கையில் போய்விடக்கூடாதே என்ற கவலைதான் அவனுக்கு, துறவு அன்று. அன்னையின் ஆடையை வாளின் பிடிக்குள் வைத்தவர்கள் பிற சமயத்தார் அல்லர், நாம்தாம்.

அது கற்பனைக் காவியம் என்று தள்ளிவிட முடியாது. 1945 ஜூலை 16 அன்று நடந்த முதல் அணுகுண்டுச் சோதனைக்கு வைத்த பெயர் 'டிரினிட்டி'. நாம் நெற்றியில் சிலுவை வரைந்து சொல்லும் மூவொரு கடவுளின் பெயர். அதே ஆண்டு ஆகஸ்டு 9 அன்று நாகசாகியின்மேல் விழுந்த குண்டு உரகாமி பேராலயத்தின் அருகில் வெடித்தது. ஒப்புரவு அருளடையாளத்துக்காகக் கூடியிருந்தவர்களும் அதை வழங்கிக்கொண்டிருந்த குருக்களும் அங்கேயே மாண்டார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மறைந்து வாழ்ந்து விசுவாசத்தைக் காத்தவர்களின் வழிவந்த அப்பங்கின் ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கருள் 8,000 பேருக்கு மேல் இறந்தனர். அந்தக் குண்டுகளைக் கொண்டு சென்ற விமானப்படையினருக்கு ஆன்ம குருவாக இருந்தவர் ஜார்ஜ் சபெல்கா என்னும் கத்தோலிக்கக் குரு. அப்போது வாய் திறக்காமல் இருந்ததற்காக அவர் பிற்காலத்தில் மனம் வருந்தி, ஜப்பானுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டார். திரும்ப அழைக்க முடியாத அஸ்திரத்துக்குப் பின் ஒரு குருவால் செய்ய முடிந்தது அதுவே.

அணுகுண்டைப் பற்றிய செய்தி வந்தபோது டோல்கீன் தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில், இத்தகைய வேலைக்கு அறிவியலாளர்கள் இசைந்ததைக் கண்டு அதிர்ச்சி தெரிவித்தார். மோதிரம் அணுகுண்டின் உருவகம் என்று சொல்வோரை அவர் பிற்காலத்தில் மறுத்தார். அவருடைய கதைக்கரு குண்டுக்கு முற்பட்டது. அவர் மறுத்தது சரியே. மோதிரம் எந்த ஒரு குண்டையும் குறிக்கவில்லை. குண்டைச் செய்யும் முன்னும் செய்த பின்னும் மனிதன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் நியாயத்தைக் குறிக்கிறது.

பெயர் வைக்கும் பழக்கம் இன்றும் நிற்கவில்லை. கடல் தெய்வத்தின் மூவேலான 'டிரைடன்ட்' பிரிட்டனும் அமெரிக்காவும் வைத்திருக்கும் அணு ஏவுகணையின் பெயர். நம் நாட்டில் 'அக்னி', 'திரிசூல்', சிவனின் வில்லான 'பினாகா' ஆகிய பெயர்கள் ஏவுகணைகளுக்கும் எறிகணைகளுக்கும் சூட்டப்பட்டன. 2025 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தின் பெயர் 'சுதர்சன சக்கரம்'. அசுவத்தாமனால் அசைக்க முடியாத அதே சக்கரம். பழங்கதையின் பெயரை எடுத்துக்கொள்பவர்கள் அக்கதையின் இறுதி இயலையும் படித்திருக்கிறார்களா என்பதே நம் கேள்வி. பிற சமயத்தாரை நோக்கி மட்டும் இதைக் கேட்க நமக்குத் தகுதியில்லை. அமெரிக்கக் கடற்படை தன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றுக்கு, ஒரு நகரின் பெயர் என்று காரணம் சொல்லி, 'கார்ப்பஸ் கிறிஸ்டி' என்று பெயரிட்டது. 'கிறிஸ்துவின் உடல்' என்பது அதன் பொருள். கத்தோலிக்கர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பின், 1982-இல் 'கார்ப்பஸ் கிறிஸ்டி நகரம்' என்று அது மாற்றப்பட்டது. ஒரு சொல் மாறியது, கப்பல் மாறவில்லை. ஆயினும் அந்த ஒரு சொல்லுக்காகக் குரல் எழுப்பியவர்களை நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

நகரங்களை அவற்றின் மக்களோடு அழிக்கும் போர்ச்செயல் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. 2019 நவம்பர் 24 அன்று இரோசிமாவில் நின்று, அணு ஆயுதங்களைப் பயன்படுத்துவது மட்டுமன்று, வைத்திருப்பதும் அறநெறிக்கு முரணானது என்றார் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ். வைத்திருந்தால் என்ன, பயன்படுத்தவா போகிறோம் என்பவர்களுக்கு அசுவத்தாமனின் கதையே விடை. தந்தை கொடுத்த அஸ்திரத்தை அவனும் நெடுநாள் வைத்துக்கொண்டுதான் இருந்தான்.

உறையில் இட்ட வாள்

கதைகள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகளிடமிருந்து வாள் கதைகளைப் பறித்துவிட்டால் அவர்கள் குச்சியை எடுத்து வாளாக்கிக்கொள்வார்கள். கதைகளை இறுதிவரை சொல்லுவோம் என்பதே நம் வேண்டுகோள். எக்ஸ்காலிபர் கிடைத்த கதையைச் சொல்பவர் பெடிவியரின் இரண்டு பொய்களையும் சொல்லட்டும். காண்டீபத்தின் நாணொலியைச் சொல்பவர் அது நீருக்குத் திரும்பியதையும் சொல்லட்டும். கோலியாத்தின் வாளைச் சொல்லும் மறைக்கல்வி ஆசிரியர் நோபு நகரத்தையும் சொல்லட்டும்.

கெத்சமனித் தோட்டத்தில் ஒரு வாள் உருவப்பட்டது. அதை உருவியவர் திருச்சபையின் முதல் தலைவர். உருவிய காரணமும் அன்புதான். மல்கு என்ற பணியாளரின் காது அறுந்தது. ஆண்டவர் அந்த வாளை உடைக்கவில்லை, நீரில் எறியவும் சொல்லவில்லை. அதை உறைக்குள் வைக்கச் சொன்னார். பின்னர் பகைவரின் கூட்டத்தில் வந்தவனுடைய காதைத் தொட்டு நலமாக்கினார்.

பேதுரு அன்று வாளை உறையில் வைத்தார். அதன்பின் அவர் அதை எடுத்ததாக எங்கும் செய்தி இல்லை.